நீலம் மட்டும் தெரிந்த தகடு

மகனே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் உன் அப்பனாக வாசித்தேன். இரண்டாம் தரம், முப்பது வருடம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குந்தியிருந்தவனாக வாசித்தேன். இரண்டு தரமும் கோபம்தான் வந்தது. ஆறட்டும் என்று நான்கு நாள் பொறுத்தேன். ஆறவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். பேராதனையில் நீ படித்த படிப்புக்கும், தை மாதம் நீ ஏறப்போகும் விமானத்துக்கும் நான் பெருமைப்படாத நாள் இல்லை. அதைச் சொல்லிவிட்டேன். இனி ஏச்சுத்தான்.

நீ இரண்டு விடயம் எழுதியிருக்கிறாய். ஒன்று, உன் நெஞ்சில் கண்ட கசம், அந்தக் காசநோய், மாறிவிட்டது என்பது. ஏழு மாதம் குளிசை விழுங்கினாய், மூன்று தரம் உன் சளியை நீயே சாயமிட்டுப் பார்த்தாய், ஒரு கிருமியும் இல்லை. ஆகவே டொக்டர் சொன்ன பதினெட்டு மாதம் வரை போகாமல் இத்தோடு நிறுத்தப் போகிறாய். இங்கிலாந்தில் புது ஆட்களுக்கு முன்னால் குளிசைப் போத்தலோடு நிற்க உனக்கு வெட்கம். "உங்களைப் போல என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன், அப்பா" என்று வேறு எழுதியிருக்கிறாய். மற்றது, நான் சபைக் கூட்டத்தில் கிருமிகளுக்குப் புத்தி உண்டு என்று பேசியதை மாமா உனக்கு எழுதிவிட்டாராம். இனி அப்படிப் பேச வேண்டாமாம். நுண்ணங்கிகளைப் படிக்கப் போகிறவனின் தகப்பன் இப்படிப் பேசினால் உன் துறையில் சிரிப்பார்களாம். உனக்கு இவை இரண்டும் வெவ்வேறு விடயம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் மடித்து வைத்துவிட்டுப் போகாதே, முழுவதையும் வாசி.

கூட்டத்தில் நடந்ததை மாமா பாதிதான் எழுதியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற மனிசன், ஏதாவது பேசட்டும் என்று என்னை எழுப்பிவிட்டார்கள். நான் என் பழைய நுணுக்குக்காட்டியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். அரியாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குளத்தில் எடுத்த ஒரு துளித் தண்ணீரை வைத்து எல்லோருக்கும் காட்டினேன். பெண்கள் சேலைத் தலைப்பால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வரிசையாக வந்து பார்த்தார்கள். பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சபையில் ஒரு பழைய தலைமையாசிரியர் இருக்கிறாரே, உனக்குத் தெரியும், அவர் எழும்பினார்.

"உவர் கிருமிக்கும் ஆத்துமா இருக்கெண்டல்லோ சொல்லுறார்!"

"ஆத்துமா எண்டு நான் சொல்லேல்லை, ஐயா. புத்தி எண்டனான்."

"புத்தி இருக்கெண்டால் மூளை எங்கை?"

"மூளை இருக்கிற எல்லாரிட்டையும் புத்தியை நீங்கள் கண்டனீங்களோ?"

பின்வரிசை வாங்குப் பலகைகளில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் கறுத்துப் போயிற்று. போகும்போது எனக்குக் கை தரவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நாற்பது வருடம் பிள்ளைகளின் காதைத் திருகியவருக்கு ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்?

நான் கண்டதைத்தான் சொன்னேன், மகனே. ஒரு அமீபா இன்னொரு சின்ன அமீபாவைத் துரத்திப் பிடித்து விழுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். விழுங்கப்பட்டது ஒரு பக்கத்தால் நழுவி வெளியே வந்தது. பெரியது நின்றது, திரும்பியது, போன திசையை விட்டுவிட்டு மறுபடி அதற்குப் பின்னால் போனது. அன்று என் தேத்தண்ணீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகப் போயிற்று. பரமீசியம் ஒரு நாரில் முட்டும், பின்வாங்கும், கொஞ்சம் சரிந்து வேறு பக்கத்தால் போகப் பார்க்கும், திரும்பவும் முட்டும், திரும்பவும் சரியும், வழி கிடைக்கும் வரைக்கும் விடாது. கண்ணாடிக்குக் கீழே ஒரு காற்றுக் குமிழி அகப்பட்டால் பற்றீரியாக்கள் எங்கிருந்தோ வந்து அதைச் சுற்றி மொய்க்கும். இது எல்லாம் வெறும் இரசாயனம் என்று நீ எழுதுவாய். எழுது. நீ என் எழுத்தைப் பார்த்துக் கோபப்படுவதும் இரசாயனம்தான் என்று நான் பதில் எழுதுவேன்.

ஆனால் இந்த எண்ணத்தை முதலில் சொன்னது நான் இல்லை. உன் அம்மா. அந்த நாளில் நான் உன் கட்சி.

அப்ப மாவுக்குப் பனங்கள்ளு விட்டால்தான் அது அப்பம் என்பது அவளுடைய பிடிவாதம். அவளுடைய தகப்பனாரோ சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செயலாளர். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அந்த வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்வாசலால் ஒரு சின்னப் போத்தல் வரும். ஞாயிறு காலையில் மாமனார் நான்கு அப்பம் சாப்பிட்டுவிட்டு, மா நன்றாகப் பொங்கியிருக்கிறது என்று மகளை மெச்சிவிட்டு ஆராதனைக்குப் போவார். எதனால் பொங்கியது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை அந்தக் கள்ளில் ஒரு சொட்டு எடுத்து, உன் அம்மாவைக் கூப்பிட்டு, கள்ளைப் புளிக்க வைக்கும் மதுவத்தைக் காட்டினேன். ஒவ்வொன்றும் பக்கத்தில் ஒரு மொட்டு விட்டுப் பெருகுவதை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உதுகளே என்ரை மாவைப் பொங்க வைக்கிறது?"

"ஓம்."

"மழை நாளிலை சுணங்குதுகள். வெய்யில் நாளிலை கெதியாச் செய்யுதுகள். சீனி கூடினால் துள்ளுதுகள், உப்புக் கூடினால் கோவிக்குதுகள். உதுகளுக்கு எல்லாம் தெரியுதப்பா."

"ஒண்டும் தெரியாது. சூடும் சீனியும்தான். நீர் விசர்க்கதை கதைக்காதையும்."

"நீங்கள் கண்ணாடிக்குள்ளாலை பாக்கிறியள். நான் உதுகளோடை சமைக்கிறன்."

நான் சிரித்தேன். படிக்காத பெண் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது.

உனக்கு மூன்று வயதில் அவளுக்கு இருமல் வந்தது. சளியைச் சாயமிட்டுப் பார்த்தது நான்தான். உனக்குத் தெரிந்த வேலைதான். சிவப்புச் சாயம் விட்டுச் சூடாக்கி, அமிலத்தால் கழுவி, பிறகு நீலம் விட்டால் கண்ணாடித் தகட்டில் உள்ள எல்லாம் நீலமாகிவிடும். கசக் கிருமி மட்டும் எந்தக் கழுவலுக்கும் அசையாமல் சிவப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உன் அம்மாவின் தகட்டில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள் நிறையக் கிடந்தன. பிறத்தியாருடைய தகடுகளில் ஆயிரம் தரம் கண்டதுதான். அன்று மட்டும் தகட்டின் மூலையில் எழுதிய பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஊசியும் குளிசையும் தொடங்கினார்கள். மூன்றாம் மாதம் அவள் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்றாள். சபையில் ஹார்மோனியம் வாசிப்பவளுக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்று யோசித்துப் பார். ஊசிதான் காதைத் தின்கிறது என்று டொக்டர் உடனே அதை நிறுத்தினார். ஆனால் குளிசைகளைப் பதினெட்டு மாதமும் ஒரு நாள் விடாமல் விழுங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். குளிசை இரண்டு விதம். பெரியது நாளுக்கு ஒரு கைப்பிடி வரும், விழுங்கினால் வயிற்றைப் பிரட்டும். மற்றது சின்னது, தொல்லை இல்லை. அவள் காலையில் பெரியதை விழுங்கிவிட்டுக் கிணற்றடியில் குனிந்து நின்று சத்தி எடுப்பாள். நீ பக்கத்தில் நின்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுவாய்.

இனி நான் எழுதப் போவதை உனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. மாமாவுக்கும் தெரியாது. அம்மாவுக்குத் திரும்பவும் நோய் வந்தது, செத்துப் போனா என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன்.

ஐந்தாம் மாதம் அவளுடைய சளியைப் பார்த்தேன். சிவப்பு ஒன்றும் இல்லை, நீலம் மட்டும். ஆறாம் மாதமும் நீலம் மட்டும். ஏழாம் மாதம் ஒரு தகட்டை மூலை மூலையாகத் தேடினேன், ஒரு குச்சி கூட இல்லை. எனக்கு இருந்த புளுகத்தில், அந்தச் சந்தோசத்தில், சைக்கிளை எப்படி மிதித்து வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது.

"முடிஞ்சுது. நீர் இனி அந்தப் பெரிய குளிசை விழுங்க வேண்டாம்."

"டொக்டர் பதினெட்டு மாசமெல்லே எண்டவர்?"

"அவர் புத்தகத்தைப் பாத்துச் சொல்லுறார். நான் கண்ணாலை பாத்தனான். ஒரு கிருமியும் இல்லை."

"உங்கடை தகட்டிலை இல்லை. என்ரை நெஞ்சிலை?"

"ஒளிச்சிருக்கிறதுக்கு உதென்ன மனிசனே? உதுக்கு மூளை இல்லையப்பா."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். உன் அம்மா என்னை நம்பினாள், மகனே. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற மனிசன் சொன்னால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? பெரிய குளிசையை நிறுத்தினோம். சின்னக் குளிசையை மட்டும் இருமல் தலைகாட்டும்போது இரண்டு நாள், மூன்று நாள் கொடுப்பேன், இருமல் அடங்கினால் விட்டுவிடுவேன். மாதம் மாதம் டொக்டரிடம் போய் அவள் பேரில் குளிசைகளை வாங்கி வந்து, அலுமாரியில் ஞானப்பாட்டுப் புத்தகங்களுக்குப் பின்னால் அடுக்கினேன். "ஒழுங்காக் குடிக்கிறாவோ?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு தரமும் "ஓம், டொக்டர்" என்று முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

பத்து மாதம் அவள் நன்றாக இருந்தாள். கன்னம் தேறியது, ஹார்மோனியம் வாசித்தாள், உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊர் மணியகாரர் வீடு வரைக்கும் நடப்பாள். அந்தப் பத்து மாதமும் நான் ஒரு வெற்றி வீரன். பிறகு நத்தார்ப் பண்டிகைக்குப் பாட்டுப் பழகும்போது, இருமி வாயைத் துடைத்த கைலேஞ்சியில் இரத்தம் வந்தது. மறுநாள் தகட்டைப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்த வட்டம் முழுக்கச் சிவப்புக் குச்சிகள். அலுமாரியில் இருந்த குளிசைகளை எல்லாம் எடுத்து, இம்முறை மணி தவறாமல் கொடுத்தேன். சின்னக் குளிசைக்கு அவை அசையவே இல்லை. நான் இடைக்கிடை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் கொடுத்து அவற்றுக்கு அதைப் பழக்கிவிட்டேன். பெரிய குளிசையால் மட்டும் தனியே ஒன்றும் செய்ய முடியவில்லை. வேறு வழியின்றித் திரும்ப ஊசி போட்டார்கள். காது இரண்டும் போயிற்று. உனக்கு ஆறு வயதில் அவளும் போனாள்.

அவளை நான்தான் கொன்றேன். இருபது வருடமாக இதை எழுதப் பயந்தேன். எழுதிவிட்டேன். இதற்காக நீ என்னை வெறுத்தால் வெறு, அதற்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் கடிதத்தைத் தொடர்ந்து வாசி.

உன் பதில் எனக்கு இப்போதே கேட்கிறது. கிருமி எதையும் பழகவில்லை அப்பா, கோடிக்கணக்கில் இருந்தவற்றில் தற்செயலாக மாறிப் பிறந்த ஒன்றிரண்டு தப்பின, மற்றவை செத்தன, தப்பியவை பெருகின, பரிணாமக் கூர்ப்பு என்றால் அவ்வளவுதான், இதில் புத்தி எங்கே என்பாய். சரி, அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் மூளையும் என் மூளையும் எங்கிருந்து வந்தன? அதே கூர்ப்பில்தான், தப்பியவை பெருகிப் பெருகித்தான் வந்தன. அப்படியானால் புத்தி எந்தப் படியில் ஏறிக்கொண்டது? மீனிலா, தவளையிலா, குரங்கிலா? இந்தப் படிக்குக் கீழே ஒன்றும் இல்லை, மேலே எல்லாம் உண்டு என்று ஒரு கோடு கீறிக் காட்டு. உன்னால் முடியாது. உன் பேராசிரியராலும் முடியாது. ஆபத்தைக் கண்டு விலகுவதும், வழி அடைபட்டால் வேறு வழி பார்ப்பதும், சமயம் வரும் வரைக்கும் அசையாமல் கிடப்பதும் மனிசன் செய்தால் அதற்குப் புத்தி என்று பெயர். கிருமி செய்தால் மட்டும் பெயரை மாற்றுவானேன்? நாங்கள் பெயர் வைக்கிறவர்கள் என்பதாலா?

குற்றத்தைக் கிருமியின் தலையில் போட்டுவிட்டு அப்பா தப்பப் பார்க்கிறார் என்று நினைப்பாய். நேர்மாறு. கிருமி ஒன்றும் தெரியாத தூசி என்று வைத்துக்கொண்டால்தான் எனக்குச் சுகம். விதி, தற்செயல், யார் கண்டது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அதற்குப் புத்தி உண்டு என்று ஒப்புக்கொண்டால், நான் அதை மதிக்காமல் விட்ட குற்றம் இரண்டு மடங்காகிறது. எதிராளியை முட்டாள் என்று நினைத்துக் காவலை எடுத்தவன் நான். நான் சிரித்த சிரிப்புக்கு அவள் உயிர் போயிற்று. அதனால்தான் சபையில் எழும்பிப் பேசினேன். அங்கே இருந்தவர்களில் எத்தனை பேர் பாதிக் குளிசையோடு விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய தகடுகளைப் பார்த்தவன் நான்.

கிருமிக்குத் தன்னைத் தெரியுமா, தான் இருப்பது அதற்கு உணர்வில் உண்டா என்று அந்தத் தலைமையாசிரியர் கேட்டிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். எனக்குத் தெரியாது. அதற்கு நோகும், அது ஏங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். ஏன் தெரியுமா? உன் அம்மாவுக்குக் காது போன பிறகு நாங்கள் சிலேட்டில் எழுதித்தான் அவளோடு கதைப்போம். நீ எழுத்துப் பழகியதே அப்படித்தான். முதன்முதலில் நீ தனியாக எழுதியது "அம்மா பசிக்குது". அதை அவள் நான்கு நாள் அழிக்க விடவில்லை. அந்த நாட்களிலும் அவள் பின்னேரங்களில் வீட்டு ஹார்மோனியத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். ஒரு சத்தமும் அவளுக்குக் கேட்காது. நான் சிலேட்டில், "உமக்குக் கேக்குதோ?" என்று எழுதிக் காட்டினேன். அவள் வாசிப்பதை நிறுத்தாமல், "உள்ளுக்கை கேக்குது. உங்களுக்கு விளங்காது" என்றாள். அந்த உள்ளே கேட்டதை எந்தக் கண்ணாடியாலும் நான் பார்த்திருக்க முடியாது. அவள் சொன்னதால் நம்பினேன். வாய் இல்லாத ஒன்று சொல்லவில்லை என்பதற்காக, அதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிவு கட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே உனக்குத் தெளிவாகச் சொல்கிறேன். அடுத்த மாதமும் நான் சபையில் பேசப் போகிறேன். வேண்டாம் என்று சபைப் போதகர் ஐயர் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். நுணுக்குக்காட்டியைத் துடைத்து வைத்துவிட்டேன். இங்கிலாந்தில் உன் துறைக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், சிரிப்பு என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியும். நீ என்னோடு வாதாடு, எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று எழுது, நுண்ணங்கிகளில் பட்டம் வாங்கிவந்து அப்பா சொன்னது அத்தனையும் பிழை என்று நிரூபி. நான் மேளம் அடித்து வரவேற்பேன். ஆனால் அதற்கு நீ உயிரோடு இருக்க வேண்டும். மிச்சம் பதினொரு மாதக் குளிசையையும் பெட்டியின் மேல்தட்டில் வைத்துக்கொண்டு போ. யாராவது என்ன என்று கேட்டால் கசம் என்று சொல். நீ நிறுத்தினாய் என்று தெரிந்தால் காலை ரயிலில் ஏறிப் பேராதனைக்கு வந்து, உன் பேராசிரியருக்கு முன்னால், உன் சிநேகிதர்களுக்கு முன்னால் இந்தக் கதை முழுவதையும் சொல்லுவேன். எனக்கு இனி வெட்கம் இல்லை.

இந்தக் கடிதத்தோடு பஞ்சில் சுற்றி ஒரு சின்னப் பெட்டி அனுப்புகிறேன். உள்ளே ஒரு கண்ணாடித் தகடு இருக்கிறது. மூலையில் உன் அம்மாவின் பெயரை என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். அது அவளுடைய ஏழாம் மாதச் சளி. இருபது வருடமாக என் மேசை இழுப்பறையில் இருந்தது. சாயம் கொஞ்சம் மங்கியிருக்கும், ஆனாலும் தெரியும். உன் நுணுக்குக்காட்டியில் அதை வைத்துப் பார். அவசரப்படாதே, என்னைப் போல மூலை மூலையாகத் தேடிப் பார். ஒரு சிவப்புக் குச்சியும் உனக்கு அகப்படாது. நீலம் மட்டும்தான் தெரியும். உன்னுடைய மூன்று தகடுகளிலும் நீ கண்ட அதே நீலம்.

பார்த்து முடித்ததும் எழும்பிப் போய் ஒரு கோப்பை தண்ணீர் எடுத்து, இன்றைய குளிசையை விழுங்கு.

அப்பா